தேம்ஸ் கரைவழி: அணைகளும் ஓடங்களும் நடைபாலங்களும்

இங்கிலாந்தின் தென்பகுதியில், கெம்பிள் என்னும் சிற்றூருக்கு அருகிலுள்ள புல்வெளியில் தோன்றி, ஆக்ஸ்போர்டு, ரெடிங், வின்ட்சர் ஆகிய நகரங்களைத் தொட்டு, லண்டன் மாநகரைக் கடந்து வடகடலில் கலக்கும் தேம்ஸ் ஆற்றை ஒட்டி 294 கி.மீ. நீளமுள்ள நடைவழி ஒன்று செல்கிறது. 1996ஆம் ஆண்டில் தேசிய நடைவழியாகத் திறந்துவைக்கப்பட்ட இவ்வழி, அந்நாட்டில் அத்தகுதி பெற்ற நெடுவழிகளுள் நடப்பதற்கு மிக எளியவற்றுள் ஒன்று. ஏற்ற இறக்கம் அரிது. வழி தவறும் அச்சம் குறைவு. சிறுவர்களை உடன் அழைத்துச் செல்வோரும் முதியோரும் ஒரு ரயில் நிலையத்தில் இறங்கி, சில மணி நேரம் ஆற்றோரம் நடந்து, மற்றொரு நிலையத்தில் வண்டியேறித் திரும்பிவிட முடியும். லெச்லேடு என்னும் ஊரிலிருந்து டெடிங்டன் வரை சுமார் 200 கி.மீ. தொலைவில் ஆறு இறங்குவது ஏறத்தாழ 70 மீட்டர் மட்டுமே. அதாவது ஒரு கி.மீ. தொலைவுக்கு ஒரு முழத்துக்கும் குறைவான சரிவு.

ஆனால் இந்த எளிமையை ஆறு தானாக வழங்கிவிடவில்லை. மனிதர் கைபடாத சமவெளி ஆற்றின் கரை சதுப்பும் புதரும் ஓடை முகத்துவாரங்களும் நிறைந்ததாகவே இருக்கும். அதை ஒட்டித் தொடர்ந்து நடந்துசெல்வது பெரும்பாலும் இயலாத செயல். இன்றைய தட்டையான கரைவழி, சரக்குப் படகுகளை இழுத்துச் சென்ற மனிதர்களுக்காகவும் குதிரைகளுக்காகவும் அமைக்கப்பட்டது. வழியில் குறுக்கிடும் சிறு நடைபாலங்களுள் பல, மறைந்துபோன அணைகளும் ஓடத்துறைகளும் இருந்த இடங்களில் நிற்கின்றன. பாதை திடீரென ஆற்றைவிட்டு விலகிச் சாலைக்கு ஏறும் இடங்கள் சிலவற்றில், ஓடம் நின்றுபோன பிறகு பாலம் கட்டப்படவே இல்லை. ஆகவே இக்கரைவழியின் வரலாற்றை அறிய, நடைப்பயணத்தின் வரலாற்றைவிட ஆற்றுப் போக்குவரத்தின் வரலாற்றையே முதலில் அறிய வேண்டியுள்ளது.

பலகை அணைகளின் காலம்

இடைக்காலத் தேம்ஸ் ஆற்றின் மீது இரு தரப்பினர் உரிமை கொண்டாடினர். ஆற்று நீரைத் தேக்கி உயர்த்தி, அதன் விசையால் மாவரைக்கும் ஆலைகளை ஓட்டியவர்களும், மீன் பிடிக்கத் தடுப்புகள் அமைத்தவர்களும் ஒரு தரப்பு. தானியம், விறகு, கல் போன்ற சரக்குகளைப் படகில் ஏற்றிச் சென்றவர்கள் மறு தரப்பு. முதல் தரப்பினர் கட்டிய ஒவ்வோர் அணையும் இரண்டாம் தரப்பினருக்குத் தடையாயிற்று. 1215ஆம் ஆண்டில் இதே ஆற்றங்கரையிலுள்ள ரன்னிமீடு என்னும் புல்வெளியில் ஜான் மன்னர் ஏற்றுக்கொண்ட மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனத்தில், தேம்ஸ், மெட்வே ஆறுகளிலும் நாட்டின் பிற ஆறுகளிலும் உள்ள மீன்தடுப்புகளை அகற்ற வேண்டும் என்று ஒரு விதியே இடம்பெற்றது என்பதிலிருந்து, இப்பூசல் எவ்வளவு பழையது என்பது விளங்கும். விதி எழுதப்பட்டதே தவிர, அணைகள் அகலவில்லை. அணைகளும் படகுகளும் சேர்ந்து வாழ்வதற்கான ஓர் ஏற்பாடே நாளடைவில் உருவாயிற்று.

அந்த ஏற்பாடு, அணையின் ஒரு பகுதியை மட்டும் திறந்து மூடத்தக்கதாக அமைப்பதாகும். ஏரியின் கலிங்கில் கற்களுக்கிடையே பலகை அடைத்து நீரைத் தேக்குவதைக் கண்டவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். ஆற்றின் அடியில் ஒரு விட்டமும், நீர்மட்டத்துக்கு மேலே அதற்கு நேராக மற்றொரு விட்டமும் கிடக்கும். இரண்டுக்கும் இடையே ‘ரைமர்’ எனப்படும் கட்டைகள் செங்குத்தாக நிறுத்தப்படும். அக்கட்டைகளின் மேல்நீர்ப் பக்கத்தில், நீண்ட கைப்பிடி கொண்ட பலகைகள் ஒன்றையொன்று ஒட்டி வைக்கப்படும். ஆணியோ பூட்டோ தேவையில்லை. தேங்கிய நீரின் அழுத்தமே பலகைகளைக் கட்டைகளோடு சேர்த்து இறுக்கிக்கொள்ளும். படகு வரும்போது, அணைக்காவலர் மேல்விட்டத்தை ஒட்டிய நடைபலகையில் நின்றுகொண்டு, பலகைகளைக் கைப்பிடியால் ஒவ்வொன்றாக உருவி எடுப்பார். பிறகு கட்டைகளைக் கழற்றுவார். கடைசியாக மேல்விட்டத்தையும் ஒதுக்கிவிட, தேங்கிய நீர் அவ்வாயில் வழியே சீறிப் பாயும். முதல் வேகம் தணிந்ததும் கீழிறங்கும் படகுகள் அந்த நீரோட்டத்தோடு வழுக்கிச் செல்லும். மேலேறும் படகுகளோ, கரையில் நட்ட சுழலுருளையில் வடத்தைச் சுற்றி ஆட்கள் பலர் தள்ள, எதிர்நீரில் அங்குலம் அங்குலமாக இழுக்கப்படும். இவ்வாறு திறந்துவிடும் நீரைப் பயன்படுத்தும் வாயில் பாய்ச்சல் மதகு எனப்பட்டது. அந்த நீர் கீழேயுள்ள ஆழமற்ற பகுதிகளிலும் சற்று நேரம் மட்டத்தை உயர்த்தியதால், அங்கே தரைதட்டி நின்ற படகுகளும் அதை எதிர்பார்த்தே காத்திருந்தன.

இம்முறையில் குறைகள் பல இருந்தன. நீரைத் திறந்துவிட்டால் ஆலை நிற்கும் என்பதால் ஆலைக்காரர் தயங்கினார். திறப்பதற்கு அவர் கேட்ட கட்டணத்தைக் கொடுத்தாக வேண்டியிருந்தது. கோடையில் நீர் குறைந்தபோது படகுகள் நாள்கணக்கில் முடங்கின. ஆபத்தும் குறைவன்று. 1674ஆம் ஆண்டில் கோரிங் என்னும் ஊரில் நடந்த விழாவுக்குச் சென்று எதிர்க்கரைக்குத் திரும்பிய மக்களை ஏற்றிய படகு அணைக்கு மிக அருகில் சென்று கவிழ்ந்ததில் சுமார் 60 பேர் மூழ்கி இறந்தனர்.

எனினும் பிற்கால நடைவழிக்கு இவ்வணைகள் விட்டுச் சென்ற பயன் ஒன்று உண்டு. அணைக்காவலர் நின்று வேலை செய்வதற்கென்று போடப்பட்ட நடைபலகையை, அக்கம்பக்கத்து ஊரார் ஆற்றைக் கடக்கப் பயன்படுத்தினர். வயலுக்குச் செல்வோரும் தேவாலயத்துக்குச் செல்வோரும் தலைமுறை தலைமுறையாக அதன் மீது நடந்ததனால், அது வழக்கத்தால் விளைந்த உரிமையாகவே மாறியது. ஆங்கிலேயச் சட்டத்தில், பொதுமக்கள் நீண்டகாலம் தடையின்றி நடந்துவந்த வழி பொதுவழியாகும். ஒருமுறை பொதுவழியானது, நடப்போர் குறைந்துவிட்டனர் என்பதனால் மட்டும் அத்தன்மையை இழப்பதில்லை. பின்னாளில் அணைகள் அகற்றப்பட்டபோது இந்தக் கோட்பாடே நடைபாலங்களைப் பெற்றுத் தந்தது.

நீர்ப்பூட்டுகளும் ஆணையங்களும்

பாய்ச்சல் மதகுக்கு மாற்றாக வந்தது நீர்ப்பூட்டு. ஆற்றின் ஒரு கிளையில் அல்லது வெட்டிய கால்வாயில், இரு முனைகளிலும் கதவுகளை உடைய அறையொன்றைக் கட்டி, படகை உள்ளே விட்டுக் கதவை அடைத்து, நீரை நிரப்பியோ வடித்தோ படகை அடுத்த மட்டத்துக்கு ஏற்றி இறக்கும் அமைப்பு அது. ஆக்ஸ்போர்டு நகரையும் அதன் கீழுள்ள பர்கட் என்னும் இடத்தையும் இணைக்கும் ஆற்றுப்பகுதியைச் சீர்ப்படுத்த 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நாடாளுமன்றச் சட்டத்தின்வழி அமைந்த ஆணையம், 1630களில் இஃப்லி, சான்ட்ஃபோர்டு, ஆபிங்டனுக்கு அருகிலுள்ள ஸ்விஃப்ட் டிட்ச் ஆகிய மூன்று இடங்களில் தேம்ஸின் முதல் நீர்ப்பூட்டுகளைக் கட்டியது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக ஆற்றின் பிற பகுதிகளில் பழைய முறையே நீடித்தது. 1666ஆம் ஆண்டின் பெருந்தீக்குப் பிறகு லண்டனில் எழுந்த புனித பால் தேவாலயத்துக்காக காட்ஸ்வோல்டு குன்றுகளில் வெட்டிய கற்கள், ராட்காட் என்னும் துறையில் படகேறி, இத்தகைய பாய்ச்சல் மதகுகள் பலவற்றைக் கடந்தே தலைநகரை அடைந்தன.

1751ஆம் ஆண்டின் சட்டத்தால் நிறுவப்பட்ட தேம்ஸ் போக்குவரத்து ஆணையம், கரையோர மாவட்டங்களின் நிலக்கிழார்கள் முதலிய பல நூறு பேரை உறுப்பினராகக் கொண்டிருந்தும், தொடக்கத்தில் பெரிதாக எதையும் செய்யவில்லை. கால்வாய்கள் நாடெங்கும் வெட்டப்பட்டு, ஆற்றைத் தவிர்த்துச் சரக்கு சென்றுவிடுமோ என்ற அச்சம் எழுந்த பிறகே, 1771ஆம் ஆண்டில் கூடுதல் அதிகாரங்களுடன் புதிய சட்டம் வந்தது. அதன்படி 1772, 1773ஆம் ஆண்டுகளில் மேய்டன்ஹெட்டை அடுத்த போல்டர்ஸ் முதல் சானிங் வரை எட்டு நீர்ப்பூட்டுகள் கட்டப்பட்டன. மார்லோ, டெம்பிள், ஹர்லி, ஹேம்பிள்டன், மார்ஷ், ஷிப்லேக் என்பன எஞ்சிய ஆறு. 1789ஆம் ஆண்டில் தேம்ஸையும் செவெர்ன் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் திறக்கப்பட்டதும், மேல்தேம்ஸிலும் பூட்டுகள் எழுந்தன. லெச்லேடுக்கு அருகிலுள்ள செயின்ட் ஜான் நீர்ப்பூட்டு 1790ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நடைவழியைப் பொறுத்தவரை இக்காலத்தின் முதன்மையான விளைவு, பூட்டுகளோடு சேர்ந்து இழுவைப் பாதையும் ஒழுங்குபெற்றதாகும்.

இழுவைப் பாதையும் அதன் தாவல்களும்

இழுவைப் பாதை என்பது, படகோடு பிணைத்த வடத்தைக் கரையிலிருந்து இழுத்துச் செல்வோர் நடப்பதற்கான வழி. 18ஆம் நூற்றாண்டில் தேம்ஸின் பெரிய சரக்குப் படகுகள் 100 டன்னுக்கும் மேற்பட்ட பாரத்தை ஏற்றின. எதிர்நீரில் அவற்றை இழுப்பதற்குப் பெரும் ஆள்கூட்டங்கள் அமர்த்தப்பட்டன. நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆட்களின் இடத்தைக் குதிரைகள் படிப்படியாகப் பிடித்தன. வடம் பூட்டிய குதிரை செங்குத்தான ஏற்றத்தில் ஏறவோ, படிக்கட்டில் இறங்கவோ, சேற்றில் காலூன்றவோ இயலாது. வடம் சிக்கிக்கொள்ளும் என்பதால் நீரோரத்தில் மரங்களும் இருத்தல் ஆகாது. ஆகவே கரை சமன்செய்யப்பட்டது, புதர்கள் வெட்டப்பட்டன, பாதையில் குறுக்கிட்ட ஓடைகளின் மீது குதிரை நடக்கத்தக்க அகலமும் சாய்வும் கொண்ட சிறு பாலங்கள் கட்டப்பட்டன. இன்று குழந்தை வண்டியைத் தள்ளிச் செல்வோருக்கும் ஏற்றதாகப் பல இடங்களில் பாதை அமைந்திருப்பதன் காரணம், அது ஒரு காலத்தில் குதிரையின் கால்களுக்கு ஏற்றதாக அமைக்கப்பட்டதே.

ஆயினும் பாதை தொடர்ச்சியாக ஒரே கரையில் செல்லவில்லை. ஆற்றோரத்தில் மாளிகை வைத்திருந்தவர்கள், படகோட்டிகளும் குதிரைகளும் தம் புல்தரை வழியே செல்வதை விரும்பவில்லை; வேறு சிலர் நிலத்துக்குக் கேட்ட விலையை ஆணையத்தால் கொடுக்க முடியவில்லை. ஒரு கரையில் நிலம் கிடைக்காத இடத்தில் பாதை எதிர்க்கரைக்குத் தாவியது. அருகில் பாலம் இருந்தால் அதன் வழியாகவும், இல்லாவிட்டால் குதிரையையும் ஏற்றக்கூடிய தட்டையான ஓடத்தின் வழியாகவும் இழுவைக் குழு ஆற்றைக் கடந்து, மறுகரையில் மீண்டும் வடத்தைப் பூட்ட வேண்டியிருந்தது. கிளிவ்டன் மாளிகையின் கீழே, குக்கம் என்னும் ஊருக்கு அருகில், குறுகிய தொலைவுக்குள்ளேயே மூன்று ஓடத்துறைகள் இக்காரணத்தால் இயங்கின.

பாதையும் பூட்டும் எதிரெதிர்க் கரைகளில் அமைந்துவிட்ட இடங்களில் ஏற்பட்ட இடர்ப்பாட்டுக்கு ஹென்லி நகருக்கு அருகிலுள்ள மார்ஷ் நீர்ப்பூட்டு தெளிவான எடுத்துக்காட்டு. அங்கே இழுவைப் பாதை ஒரு கரையிலும், ஆலையும் பூட்டும் மறுகரையை ஒட்டியும் இருந்ததால், அணையின் கீழ்ப்புறத்தில் பாதையிலிருந்து நீரின் மேலாகப் பூட்டு வரைக்கும் ஒரு நீண்ட மரப்பாலமும், அணையின் மேற்புறத்தில் பூட்டிலிருந்து பாதைக்குத் திரும்ப மற்றொரு மரப்பாலமும் போடப்பட்டன. குதிரைப் பாலம் என்ற பெயருடன் இன்றும் நிற்கும் இவ்வமைப்பில், நடப்பவர் ஆற்றின் நடுவரை சென்று, அணையில் நீர் விழுவதை இருபுறமும் கண்டு, கிளம்பிய அதே கரைக்குத் திரும்புகிறார். இன்றைய பயணிக்கு மகிழ்ச்சி தரும் இந்தச் சுற்று, அன்றைய இழுவைக்காரருக்கு நேரத்தையும் உழைப்பையும் தின்ற தவிர்க்கவியலாத வளைவாகும்.

அரசகுடும்பத்தின் விருப்பமும் பாதையை இடம்மாற்றியது உண்டு. வின்ட்சர் கோட்டையைச் சார்ந்த பூங்கா நிலத்தில் வெளியார் நடமாட்டத்தை நிறுத்துவதற்காக 1848ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது; அதன் விளைவாகக் கோட்டைப் பக்கத்துக் கரை மூடப்பட்டது; டாச்செட் ஊரிலிருந்த பழைய பாலம் இடிக்கப்பட்டது; அதற்கு ஈடாக விக்டோரியா, ஆல்பர்ட் என்னும் பெயர்களில் இரு பாலங்கள் 1851ஆம் ஆண்டில் திறக்கப்பட்டன. இடிக்கப்பட்ட டாச்செட் பாலத்துக்கும் ஒரு கதை உண்டு. பாலத்தின் ஒரு பாதி பெர்க்ஷயர் மாவட்டத்துக்கும் மறு பாதி பக்கிங்ஹாம்ஷயர் மாவட்டத்துக்கும் உரியது. புதுப்பிக்கும் செலவிலும் முறையிலும் இரு தரப்பும் உடன்படாததால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஒரு மாவட்டம் தன் பாதியை இரும்பாலும் மற்றது தன் பாதியை மரத்தாலும் கட்டி முடித்தன. ஆற்றைக் கடக்கும் உரிமை பொதுவாக இருந்தாலும், அதற்கான பொறுப்பு யாருடையது என்ற கேள்வி தேம்ஸில் எப்போதுமே சிக்கலாக இருந்ததற்கு அந்தப் பாலம் கண்கூடான சான்று.

ரயில் வந்த பிறகு

லண்டனையும் பிரிஸ்டலையும் இணைத்த கிரேட் வெஸ்டர்ன் ரயில்பாதை 1841ஆம் ஆண்டில் முழுமையடைந்தது. 1844ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டுக்கும் ரயில் வந்தது. ஆற்றோடு ஏறத்தாழ இணையாகச் சென்ற இப்பாதை, நாள்கணக்கில் சென்ற சரக்கைச் சில மணி நேரத்தில் கொண்டுசேர்த்ததால், படகுச் சுங்கத்தை நம்பியிருந்த ஆணையத்தின் வருவாய் சரிந்தது. பூட்டுகளும் அணைகளும் பழுதடைந்தன. 1857ஆம் ஆண்டில் ஆற்றின் கீழ்ப்பகுதிக்கென அமைக்கப்பட்ட தேம்ஸ் பராமரிப்பு வாரியத்தின் வசம் 1866ஆம் ஆண்டில் மேல்பகுதியும் ஒப்படைக்கப்பட்டது.

புதிய வாரியம், பயனற்றுப் போன பாய்ச்சல் மதகுகளை ஒவ்வொன்றாக அகற்றத் தொடங்கியது. அப்போதுதான் முன்னர் குறிப்பிட்ட பொதுவழி உரிமை வெளிப்பட்டது. அணை போகலாம், ஆனால் அதன் நடைபலகை வழியே ஊரார் கடந்துவந்த உரிமை போகாது என்பதனால், அணை இருந்த இடத்தில் நடைபாலம் கட்டித்தர வேண்டியதாயிற்று. ராட்காட்டுக்கு அருகிலுள்ள ஓல்டு மேன்ஸ் பாலம் 1868ஆம் ஆண்டில் அதே பெயருள்ள அணைக்கு மாற்றாகப் போடப்பட்டு, 1894ஆம் ஆண்டில் புதுப்பிக்கப்பட்டது. அதற்குக் கீழே டென்ஃபுட் பாலம் 1869ஆம் ஆண்டில் டென்ஃபுட் அணையின் இடத்தைப் பிடித்தது. தேம்ஸில் எஞ்சியிருந்த கடைசிப் பாய்ச்சல் மதகு, கெம்ஸ்காட் ஊருக்கு மேலே ஈட்டன் என்னும் இடத்தில் 1936ஆம் ஆண்டு வரை இயங்கியது. அது அகற்றப்பட்ட அதே ஆண்டில் அங்கும் மரத்தாலான நடைபாலம் எழுந்தது. சுற்றிலும் வயல்களன்றி வேறெதுவும் இல்லாத வெளியில், பெரிய சாலை எதனோடும் சேராமல் நிற்கும் இப்பாலங்களைக் காண்போர், இவை ஏன் இங்கே உள்ளன என்று வியப்பதுண்டு. மறைந்த அணைகளின் இடத்தைக் காட்டும் அடையாளங்கள் அவை என்பதே விடை. பலகை அணைகளும் முற்றிலும் ஒழிந்துவிடவில்லை. ரஷி நீர்ப்பூட்டை அடுத்த அணையில் பழைய ரைமர் முறையை இன்றும் காணலாம்.

ஆக்ஸ்போர்டுக்கு மேற்கே மெட்லி என்னுமிடத்தில் 1865ஆம் ஆண்டில் பொதுமக்களின் நன்கொடையால் கட்டப்பட்ட இரும்பு நடைபாலம் வேறொரு போக்கைக் காட்டுகிறது. அங்கே மக்கள் ஆற்றைக் கடக்க விரும்பியது பிழைப்புக்காக மட்டுமன்று. போர்ட் மெடோ என்ற பரந்த மேய்ச்சல்வெளியில் உலாவுவதும் அவர்களுக்கு வேண்டியிருந்தது. சரக்குப் போக்குவரத்தை விழுங்கிய ரயிலே, நகரத்தாரை விடுமுறை நாட்களில் ஆற்றங்கரைக்குக் கொண்டுவந்தது. 1885ஆம் ஆண்டில் நிறைவேறிய தேம்ஸ் பாதுகாப்புச் சட்டம், ஆற்றைப் பொதுமக்களின் பொழுதுபோக்குக்கு உரிய இடமாகவும் ஏற்றுக்கொண்டது. ஜெரோம் கே. ஜெரோம் 1889ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘படகில் மூவர்’ என்னும் நகைச்சுவை நூலில், பொழுதுபோக்குப் படகை வடத்தால் இழுப்பதில் உள்ள தொல்லைகள் பக்கம் பக்கமாகப் பேசப்படுகின்றன. ஒரு காலத்தில் வயிற்றுப்பாட்டுக்கான கடும் உழைப்பாக இருந்த செயல், நடுத்தர வகுப்பாரின் விடுமுறை வேடிக்கையாக மாறிவிட்டதை இது காட்டுகிறது. எட்வர்டு ஜான் கிரெகரி பல ஆண்டுகள் உழைத்து 1897ஆம் ஆண்டில் முடித்த ஓவியத்தில், போல்டர்ஸ் நீர்ப்பூட்டின் ஞாயிறு பிற்பகல் நெரிசலில் சரக்குக்கு இடமே இல்லை; தொப்பியணிந்த ஆண்களும் குடை பிடித்த பெண்களுமே படகுகளை நிறைத்துள்ளனர்.

ஓடங்கள் நின்ற இடங்கள்

20ஆம் நூற்றாண்டில் குதிரை இழுவை மறைந்ததும் ஓடத்துறைகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. நடந்து செல்லும் சிலரை மட்டும் நம்பி ஓடக்காரருக்குக் கூலி கொடுப்பது கட்டுப்படியாகாததால், இரண்டாம் உலகப்போரை அடுத்த ஆண்டுகளில் ஒவ்வொரு துறையாக மூடப்பட்டது. கரைவழி முழுவதையும் பொதுமக்களின் நடைவழியாக்க வேண்டும் என்ற யோசனை 1940களின் இறுதியில் எழுந்த அதே காலத்தில், அவ்வழியின் இணைப்புகள் அறுந்துகொண்டிருந்தன என்பது இவ்வரலாற்றின் முரண். 1949ஆம் ஆண்டின் தேசியப் பூங்காக்கள் சட்டம் நெடுந்தொலைவு நடைவழிகளுக்கு வழிவகுத்து, அதன்கீழ் முதலாவதான பென்னைன் வழி 1965ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்ட பின்னரும், மலைகள் எதுவுமற்ற தேம்ஸ் வழி மேலும் 31 ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. மலைப்பாதையில் வழிகாட்டிக் கற்களை நட்டால் பெரும்பாலும் போதும். இங்கே ஆற்றின் குறுக்கே பாலங்கள் வேண்டியிருந்தன, நில உரிமையாளர்களோடு உடன்பாடுகள் வேண்டியிருந்தன.

அறுந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக இணைக்கப்பட்டன. மார்லோவுக்கு மேலே, 1953ஆம் ஆண்டில் ஓடம் நின்றுபோன டெம்பிள் என்னுமிடத்தில், 1989ஆம் ஆண்டில் சுமார் 46 மீட்டர் நீளமுள்ள வன்மர நடைபாலம் திறக்கப்பட்டது. போர்ன் எண்டில், ஏற்கெனவே இருந்த ரயில் பாலத்தின் பக்கவாட்டில் நடைபாதை ஒன்று 1992ஆம் ஆண்டில் சேர்க்கப்பட்டு, அருகிலிருந்த ஸ்பேடு ஓக் ஓடத்துறையின் பணியை ஏற்றது. லெச்லேடுக்குக் கீழே, நடப்போர் ஆற்றைவிட்டு விலகிச் சாலையோரமாகச் செல்ல வேண்டியிருந்த குறையை, 2000ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட புளூமர்ஸ் ஹோல் நடைபாலம் நீக்கியது. மரம் போர்த்திய அந்தப் பாலத்தின் எஃகு விட்டங்களை விமானப்படையின் சினூக் ஹெலிகாப்டர் தூக்கிவந்து உரிய இடத்தில் இறக்கியது. இதற்குச் சற்று மேலேயுள்ள செயின்ட் ஜான் பூட்டில், 1854ஆம் ஆண்டில் கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சி மாளிகைக்காக ரஃபேல் மோன்டி வடித்த, ஆற்றை மனித உருவில் காட்டும் ‘தேம்ஸ் தந்தை’யின் சிலை, ஆற்றின் தோற்றுவாயில் சில ஆண்டுகள் இருந்தபின் 1974ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்டு வைக்கப்பட்டுள்ளது.

எல்லாக் கண்ணிகளும் இணைந்துவிடவில்லை. மோல்ஸ்ஃபோர்டு, ஷில்லிங்ஃபோர்டு போன்ற ஊர்களில் ஓடத்துறைக்கு மாற்றாகப் பாலம் அமையாததால், நடப்போர் ஆற்றைப் பிரிந்து ஊர்த்தெருவிலும் வாகனச் சாலையோரத்திலும் சிறிது தொலைவு சென்று திரும்புகின்றனர். ஷெப்பர்டனில் மட்டும் பழைய வழக்கம் புத்துயிர் பெற்று, கரையிலுள்ள மணியை அடித்து ஓடத்தை அழைக்கும் முறை தொடர்கிறது.

டெடிங்டனுக்குக் கீழே ஆறு கடலின் ஓதத்துக்கு, அதாவது நாள்தோறும் நீர் ஏறி வற்றும் இயக்கத்துக்கு, உட்பட்டது. நகர்ப்புறமாகிய இப்பகுதியில் நடைபாலங்களின் கதை வேறு. இங்கே அவை மறைந்த அணைகளின் மிச்சமல்ல, கூட்டத்தைக் கடத்துவதற்கென்றே திட்டமிட்டுக் கட்டப்பட்டவை. டெடிங்டன் நடைபாலம் 1889ஆம் ஆண்டையும், ஒரு பென்னி சுங்கத்தோடு தொடங்கிய ரிச்மண்ட் நடைபாலம் 1894ஆம் ஆண்டையும் சேர்ந்தவை. லண்டனின் நடுவே பொறியாளர் புரூனெல் 1845ஆம் ஆண்டில் அமைத்த ஹங்கர்ஃபோர்டு தொங்கு நடைபாலம் ரயில் பாலத்துக்கு இடம்விட்டு அகற்றப்பட்டபோது, அதன் சங்கிலிகள் பிரிஸ்டலின் கிளிஃப்டன் தொங்குபாலத்துக்குப் பயன்பட்டன. 2000ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திறந்த மில்லேனியம் நடைபாலம், நடப்போரின் காலடிகள் தம்மையறியாமல் ஒருங்கிசைந்ததால் பக்கவாட்டில் ஆடி, இரண்டே நாளில் மூடப்பட்டு, அதிர்வு தணிக்கும் கருவிகள் பொருத்தப்பட்ட பின் 2002ஆம் ஆண்டில் மீண்டும் திறக்கப்பட்டது.

எளிமையின் விலை

மேல்தேம்ஸின் நடைபாலங்களில் இன்று குடும்பங்களே மிகுதியாகத் தென்படுகின்றன. ஏ. ஏ. மில்ன் தம் சிறுவர் கதையில் அறிமுகப்படுத்திய விளையாட்டொன்றில், பாலத்தின் மேல்நீர்ப் பக்கத்தில் குச்சிகளைப் போட்டுவிட்டு, மறுபக்கம் ஓடி எவருடைய குச்சி முதலில் வெளிவருகிறது என்று பார்ப்பார்கள். லிட்டில் விட்டன்ஹாமில் டேஸ் நீர்ப்பூட்டை அடுத்த பாலத்தில் சிறுவர்கள் இதை ஆடுவதைக் கண்ட பூட்டுக்காவலர் ஒருவர் குச்சிப் பெட்டியொன்றையும் கடல்மீட்புப் படகுச் சங்கத்துக்கான உண்டியலையும் வைத்ததிலிருந்து, 1984ஆம் ஆண்டில் ஓர் உலகப் போட்டியே அங்கே தொடங்கிற்று. பின்னர் அது விட்னி நகருக்கு இடம்பெயர்ந்தது.

இவ்வாறு பயன்பாடு மாறினாலும், பழைய கேள்வி மாறவில்லை. பாய்ச்சல் மதகின் காலத்தில் அணைக்காரரும், நீர்ப்பூட்டின் காலத்தில் படகுச் சுங்கமும் பராமரிப்புச் செலவைத் தாங்கினர். கட்டணமின்றி நடந்து செல்வோருக்கான வழியை யார் தாங்குவது என்பது டாச்செட் பாலத்தின் இரு பாதிகளைப் போலவே இன்றும் பிரிந்து கிடக்கும் பொறுப்பு. 2022ஆம் ஆண்டில் மார்ஷ் பூட்டின் குதிரைப் பாலமும், 2023ஆம் ஆண்டில் டெம்பிள் நடைபாலமும் மரம் நலிந்து பாதுகாப்பற்றவையாகக் கண்டறியப்பட்டு மூடப்பட்டபோது, நடப்போர் நெடுந்தூரம் சுற்றிச் செல்ல நேர்ந்தது. உள்ளூர் மக்கள் முறையிட்டனர். 1989ஆம் ஆண்டில் கட்டிய பாலம் 34 ஆண்டுகளில் இந்நிலையை எய்தியதிலிருந்து, ஆற்றின் மீது நிற்கும் மரம் எந்த உரிமைச் சாசனத்தாலும் நீடிப்பதில்லை என்பது தெளிவாகிறது. கடக்கும் உரிமையைப் பழைய வழக்கமும் சட்டமும் காத்துத் தந்தன. அந்த உரிமையைக் காலடியில் உணரத்தக்கதாக வைத்திருப்பதற்கு, ஒவ்வொரு தலைமுறையும் பலகையையும் விட்டத்தையும் தன் செலவில் மாற்றிக்கொண்டே இருக்க வேண்டியுள்ளது.